மணவறை லொறிக்கு ரயர் பார்த்த கதை

ஸ்விஸ் மலைப்பாதைகளில் எட்டு வருடம் வண்டி ஓட்டியவன் நான். அந்தப் பெருமையை லண்டனுக்கு வந்த பிறகும் இறக்கி வைக்கவில்லை. 2009 ஜனவரியில், கல்யாணங்களுக்கு வாடகை மணவறை ஏற்றிப் போகும் எங்கள் லொறியின் சக்கரங்களுக்கு ரயர் மாற்ற வேண்டி வந்ததும், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த ரயர் கடைக்காரரைச் சனி பிடித்தது.

வருடம் முழுக்க ஓடுகிற ரயர்தான் வேண்டும், ஆனால் வெறும் பெயருக்கு அல்ல. பனியிலும் ஓடும் என்பதற்கு, மலையும் பனித்துகளும் பொறித்த அடையாளம் ரயரின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். லொறியின் பாரத்தைத் தாங்க வேண்டும். மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்க வேண்டும்; ஏற்றத்தில் பனியைப் பிடிப்பது அவைதான். மூன்று முறை போய், ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

“என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்குப் பத்து நிமிசம்தான் இருந்தனீங்கள்” என்றாள் மனைவி. நாலாம் முறை வாங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் தென்கிழக்கு லண்டனில், ஒரு குன்றின் உச்சி மண்டபத்தில் கல்யாணம். பதினொரு மணியோடு முகூர்த்தம் முடியும். பனி கொட்டினாலும் மணவறை வந்து நிற்கும் என்று பெண்ணின் தகப்பனிடம் வாயை விட்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்துக் கொட்டியது. கார்கள் கண்டபடி குறுக்கே கிடந்த ஏற்றத்தில் நான் விசிலடித்துக்கொண்டு ஏறினேன். ஒன்பது மணிக்கெல்லாம் நானும் மனைவியும் மணவறையைக் கட்டி முடித்துவிட்டோம். ஐயரும் பெண் வீட்டாரும் அயலிலேயே தங்கியிருந்ததால் நடந்து வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளைதான் வரவில்லை.

கௌரவத்துக்காக மாப்பிள்ளை வீட்டார் வாடகைக்கு எடுத்த நீளமான கார் குன்றின் அடியில் சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றது. மணி பத்து இருபது. பெண்ணின் தகப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது.

“தம்பி, ஒருக்கால் போய்க் கூட்டிக்கொண்டு வர ஏலுமோ?”

நான் இறங்கிப் போனேன். மாப்பிள்ளையின் மாமா வழிமறித்தார். “மாப்பிளையை லொறியிலயோ ஏத்துறது? சனம் என்ன சொல்லும்?”

மாப்பிள்ளை தானே கதவைத் திறந்து ஏறி, தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “மாமா, நீங்கள் நடந்து வாங்கோ.”

செங்குத்தான இடத்தில் பின்சக்கரம் வழுக்கியது.

“ஏறுமோ அண்ணை?”

“ஓம், ஏறும்.”

உண்மையில் எனக்கே நம்பிக்கை இல்லை. மணவறையை இறக்கிய லொறி வெறுமையாக இருந்தது. பின்னால் பாரம் இல்லாவிட்டால் ஏற்றத்தில் வழுக்கும் என்பதை எட்டு வருட ஸ்விஸ்காரனான நான் மறந்துபோனேன். என்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் குழம்பப் போகிறதே என்று வியர்த்தது. காலை அசைக்காமல், கியரை மாற்றாமல் மெல்ல விட்டேன். ரயர் ஒரு முறை உதறிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பத்து நாற்பதுக்கு மண்டப வாசலில் நின்றோம்.

பெண்ணின் தம்பி செம்போடு காத்திருந்தார். முறைப்படி மாப்பிள்ளையின் காலைக் கழுவினார். மாப்பிள்ளை முறைப்படி அவருக்கு மோதிரம் போட்டார். பிறகு தம்பி நேரே லொறிக்கு வந்து, மிச்சத் தண்ணீரைச் சேறு அப்பிய பின்சக்கரத்தில் ஊற்றிக் கையால் துடைத்தார்.

“மாப்பிளையைக் கொண்டுவந்த லொறியின்ர காலையும் கழுவவேணும் தானே அண்ணை” என்று சொல்லி, என் முன்னால் மோதிர விரலை நீட்டினார்.

சந்தோஷத்தில் நான் அவர் தோளைத் தட்டினேன். ஆனால் என்னிடம் இருந்தது ஒரே ஒரு மோதிரம், அதை எனக்குப் போட்டுவிட்டவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.