யூட்டின் பெயர் வாசிக்கப்பட்ட பூசை

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எழுதாமல் சாகவும் பயமாக இருக்கிறது.

லண்டனில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய என் மகன் யூட், "இலக்கத் தகட்டில என்ர பேரையே போடட்டோ அப்பா?" என்று போனில் கேட்டான். மடு மாதாவிடம் மன்றாடிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, அவன் பெயரை ஒரு கடதாசித் துண்டில் எழுதினேன். மறுநாள் இறந்தோருக்காக மன்றாடும் ஆத்துமாக்கள் திருநாள் என்பதால், கடலில் இறந்த என் தம்பியின் பெயரை இன்னொரு துண்டில் எழுதினேன். அந்தத் திருநாள் மாலைப் பூசைக்கு முன் ஒன்றை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தேன். மற்றதை இறந்தோர் பெயர்ப் பெட்டியில் போட்டேன்.

பூசை வைத்த சுவாமி அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து வாசித்தார். "யூட்."

"நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று கோவிலே சொன்னது. என் வாயும் சேர்ந்து சொல்லி முடித்த பிறகுதான் துண்டு மாறியது விளங்கியது.

வெளியே ஓடிப்போய் யூட்டுக்குப் போன் எடுத்தேன். மூன்றாம் முறைதான் பதில் வந்தது.

"என்னப்பா, மூச்சு வாங்குது? மாதா ஓம் எண்டிட்டாவோ?"

"பேர் வேண்டாம் ராசா. வெறும் இலக்கமே காணும், அது போதும்."

ஏன் என்று அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. அவன் சுகமாக இருக்கிறான். ஆனாலும் அவன் போன் எடுக்கப் பிந்தினால், அன்றைய மன்றாட்டில் என் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது.

இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். கார் எங்கோ மோதியது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். ஒன்றும் நடக்கவில்லை.