சோளகம் போகும் பக்கம்

மயிலிட்டிக் கரையில் கிறகோரியைத் தெரியாத ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை உதறியவர். கூலிக்கு வலை இழுத்து, அந்தக் கையாலேயே இரண்டு படகு வாங்கிப் போட்டவர். எவன் முன்னாலும் கைகட்டி நின்று எதையும் கற்றவரல்லர். அப்பேர்ப்பட்ட மனிதர் அறுபது வயதில் பல்கலைக்கழக வகுப்புக் கேட்டார். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும்.

மகன் றெஜி உயர்தரப் பரீட்சைக்கென்று பதிந்து வைத்த பல்கலைக்கழகப் பௌதிக விரிவுரைகள் வீட்டு டப் கணினியில் கிடந்தன. போன ஆடியில், காய்ச்சலில் கிடந்த தகப்பனுக்குப் பதிலாகப் படகைத் தனியே கொண்டு போனவன் அவன். நடுக்கடலிலிருந்து ஒரு அழைப்பு வந்தது.

"அப்பா, எஞ்சின் நிண்டுட்டுது. சோளகக் காத்து பேயாய் அடிக்குது."

அவ்வளவுதான். ஊர்ப் படகெல்லாம் போய்த் தேடியும் ஒரு மிதவைகூட அகப்படவில்லை.

ஐப்பசியில் மனைவி மரியநாயகி மெல்லக் கதையெடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பிள்ளையின்ரை பேரையும் வாசிக்கக் குடுப்பமே? பாதர் கேட்டவர்."

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆத்துமப் பூசையோ? வாயைக் கழுவு!"

அன்று பின்னேரம் மகள் றொசாந்தி டப்பைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். காற்றும் நீரோட்டமும் சேர்ந்தால் படகு எந்தப் பக்கம் போகும் என்பதை இரண்டு அம்பு கீறியே கண்டுபிடிக்கலாம் என்றார் விரிவுரையாளர். கிறகோரி எழும்பி வந்து பக்கத்தில் குந்தினார்.

"உவரை முதலாம் பாடத்திலையிருந்து கதைக்க விடு பிள்ளை."

திணிவு, வேகம், விசை என்று ஒன்றும் விடாமல் கேட்டார். விளங்காததைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். வேலிக்கு வெளியே நின்று பக்கத்து வீட்டுச் சுரேஸ் நக்கலடித்தான்.

"கிறகோரி அண்ணை கம்பஸ் எடுபட்டிட்டார் போல! பட்டமளிப்புக்கு எங்களையும் கூப்பிடுவியளோ?"

"கூப்பிடுவன்ரா. சாரத்தோடை வராமல் காற்சட்டை போட்டுக்கொண்டு வா."

அம்புப் பாடம் முடிந்ததும் சீமெந்துத் தரையில் சோக்கால் கீறத் தொடங்கினார். இது மயிலிட்டி, இது இந்தியக் கரை. வடக்கே ஓடும் நீருக்கு ஒரு சின்ன அம்பு. சோளகத்துக்குத் தென்மேற்கே ஒரு பெரிய அம்பு. இரண்டையும் சேர்த்ததும் மூன்றாவது அம்பு நேரே மேற்கே போய்த் தொண்டிக் கரையில் முட்டியது.

"பாத்தியளோ! பெடியன் இந்தியாவிலை பிடிபட்டு மறியல்லை இருக்கிறான். மூண்டாம் வகுப்புக்காரன் கண்டுபிடிச்சிட்டன்!"

மரியநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். றொசாந்தி மட்டும் தரையையே பார்த்தபடி நின்றாள்.

"ஏன் பிள்ளை முழிக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அப்பா."

"சொல்லு."

"சோளகம் எங்கை அப்பா?"

கேட்ட வாக்கில் கிறகோரியின் கை தென்மேற்கே நீண்டது. கடலுக்குப் போகிறவன் காற்று எங்கே என்றால் அது வருகிற பக்கத்தைத்தான் காட்டுவான். அவரும் பிறந்த நாள் தொட்டு அப்படித்தான் காட்டி வந்தவர்.

"அது வாற பக்கம் அப்பா. அம்பு, அது போற பக்கத்துக்கெல்லோ கீற வேணும்?"

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வடகிழக்கைக் காட்டியது. அந்தப் பக்கம் கரை கிடையாது. வங்காள விரிகுடா மட்டும்தான்.

றொசாந்தி விம்மினாள்.

"நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது."

"அழாதை பிள்ளை. நாற்பது வருசம் சோளகத்திலை படகு விட்டவனுக்கு அது எங்கை தள்ளும் எண்டு தெரியாதே? கை அந்தப் பக்கம் கீற மாட்டன் எண்டுட்டுது."

உள்ளங்கையால் அம்புகளை அழித்தார். தொண்டியும் சேர்ந்து அழிந்தது. மரியநாயகி சுவரோடு சாய்ந்தாள்.

"மரியநாயகி, பாதரிட்டைப் பேரைக் குடு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "றெஜி எண்டு குடாதை. அது நாங்கள் கூப்பிடுற பேர். ஞானஸ்நானத்திலை வைச்ச பேரைக் குடு."