சிஞ்ஞோரா விழுந்த அருவி

இத்தாலியின் பலெர்மோவில் குழாய்க்கும் லீவு உண்டு. கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். லிபெர்த்தா வீதியின் பணக்கார வீடுகளில்கூடக் குளியல் தொட்டியை நிரப்பி வைப்போம். தொண்ணூறுகளில் அப்படியொரு கோடையில், நான் பராமரித்த, 'சிஞ்ஞோரா' என்று மரியாதையாக அழைத்த கிழவி தொட்டியை வெறுப்போடு பார்த்து, "எனக்குக் கஸ்காத்தா பார்க்கவேண்டும்" என்றார். கஸ்காத்தா என்றால் அருவி.

ஒருமுறை இடுப்பெலும்பு முறிந்ததால், அவர் வாசலைத் தாண்டக்கூடாதென்பது மகளின் கட்டளை. ஞாயிறன்று மகள் கடற்கரையோர ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மீன் சாப்பிடப் போனதும், சிஞ்ஞோரா தொப்பி போட்டுக்கொண்டு தயாராக நின்றார். என் கணவர் பழைய காரோடு வந்தார்.

"பிடிபட்டால் உனக்கு வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கேலாது. பிறகு நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டியதுதான்."

"ஓம், தெரியும். கதைக்காமல் காரை எடுங்கோ."

நகரம் முடிந்ததும் வெந்து பொரிந்த குன்றுகள்; கள்ளியைத் தவிரப் பச்சையே இல்லை. அந்தப் பாலைவனத்தின் நடுவே, ஒரு பாறை வெடிப்பில், ஆளுயரம்கூட இல்லாத அருவி. நான் கண்ட முதல் அருவி அதுதான். யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. அருவிகளெல்லாம் பதுளைப் பக்கம், மலைநாட்டில்; அங்கே போகும் பாதையைச் சண்டை மூடியிருந்தது.

"உன் தீவு முழுக்க அருவிதானே?" என்றார் சிஞ்ஞோரா.

"சீ, சீ" என்று புளுகினேன். இத்தாலியனில் அதற்கு ஓமென்று பொருள்.

அவர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். என்னையும் இழுத்தார். நேரம் போனதே தெரியவில்லை. மகள் வந்து தேடுவாரென்று, திரும்பும் வழியில் ஒரு கடையிலிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தேன். மகள்தான் எடுத்தார்.

"அம்மா எங்கே?"

"சிஞ்ஞோரா... கஸ்காத்தா!" என்றேன், சந்தோஷமாக.

ஓர் அலறல். தொடர்பு அறுந்தது.

"விழுந்துவிட்டாள்" என்பதற்கும் அதே சொல்தான் என்பது, வீட்டு வாசலில் ஆம்புலன்ஸைக் கண்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நாளை முதல் நீ வரவேண்டாம்!" என்று மகள் என்மேல் பாய்ந்தார். ஈரப் பாவாடையோடு சிஞ்ஞோரா காரிலிருந்து இறங்கினார்.

"கஸ்காத்தாதான். அடுத்த ஞாயிறும் விழுவேன். இவள் இல்லாவிட்டால் என்னை யார் தூக்குவது?"

ஆம்புலன்ஸ்காரர் முதலில் சிரித்தார். கடைசியாக மகள். வேலை தப்பியது.

மறுநாள், சண்டையால் ஊரைவிட்டு வந்து கொழும்பில் லொட்ஜில் இருந்த அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, அருவி பாத்தனான்."

"எங்கை, பதுளையிலையோ? எப்பயடி வந்தனி?" அம்மாவின் குரல் துள்ளியது.

"இல்லையம்மா, இஞ்சைதான்."



"இஞ்சையெண்டால் எங்கை, பிள்ளை?"