பனிக்கடலில் எங்கள் லயன்

2008 தீபாவளிக்கு முந்திய வாரம். தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டியிருந்த லயன் அறைகளில், நாங்கள் குடியிருந்த ஒன்றில் நடந்தது. விடாத மழை, அதனால் பால்வெட்டும் இல்லை. கொழும்பில் கம்பியூட்டர் கம்பனியில் புதிதாகச் சேர்ந்திருந்த தங்கச்சி லீவிலும் லெப்டொப்பும் வேலையுமாக வந்திருந்தாள்.

வரைபடம் செய்கிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் புரோகிராம் தொகுப்பாம் அது. பூமியில் உள்ள இடங்களைப் புள்ளி, கோடு, பரப்பு என்று கம்பியூட்டருக்குப் புரியவைக்கும் பகுதியை அவளுடைய சீனியர் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துச் சரி பிழை சொல்வது இவளுக்கு வந்த முதல் பொறுப்பு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"எல்லாம் சரிதான் அக்கா. பொயின்ட், லைன் எல்லாம் ஒழுங்கா ஓடுது" என்றாள்.

"லைனா? நம்ம லயனும் அதுல இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அனே அக்கா, அது கோடு! சரி வா, நம்ம லயனையே போட்டுப் பாப்போம்" என்று, பழைய பள்ளிக்கூட அட்லஸில் எங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்துத் தட்டினாள். வரைபடத்தில் புள்ளி விழுந்தது. அவள் சிரிப்பு நின்றது. எங்கள் லயன் வடதுருவத்துப் பக்கம் பனிக்கடலில் கிடந்தது.

"அங்க போயி யாரு பால் வெட்டுறது?" என்றார் அப்பா, பிளேன்டீயை ஊதிக்கொண்டே.

புரோகிராமில் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் இடம் மாறியிருந்தனவாம். சீனியர் சோதித்த புள்ளிகளில் எல்லாம் பத்து, பத்து என்று இரண்டும் ஒரே எண். மாறினாலும் தெரியாது.

தங்கச்சி நகத்தைக் கடித்தாள். "சேர் எழுதினது அக்கா. நான் போய் பிழைன்னா கோவிச்சுக்குவாரே. வேலையே போயிட்டா?"

தோட்டத்தில் எங்களை மேய்க்கும் கங்காணியிடமே வாய் திறக்காதவள் நான். அப்பாதான், "லயன் கடல்ல கெடக்குன்னு சொல்லு. அது பொய்யா?" என்றார்.

எழுதினாள். குடையைப் பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டுக்குப் போய் அனுப்பினாள். மறுநாள் அதே மேட்டில் பதில் வந்தது. திருத்திவிட்டாராம். இனி யார் அதில் கைவைத்தாலும் முதலில் சோதித்துப் பார்க்கும் இடங்களில் எங்கள் லயனையும் சேர்த்துவிட்டாராம். மழையில் நனைந்தபடி அவள் ஓடிவந்து சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது. குடையை மேட்டிலேயே விட்டிருந்தாள்.

இப்போது அந்த லயன் இல்லை. நாங்கள் தனி வீட்டுக்கு வந்துவிட்டோம். தங்கச்சி வெளிநாட்டில். மழை பிடித்தால் அந்தத் தகரக் கூரையின் சத்தம்தான் காதுக்குள் கேட்கிறது. ஊர் கேட்பவர்களிடம் லயன் என்று சொல்லக் கூசி, "தெஹியோவிட்டப் பக்கம்" என்று மழுப்பிக்கொண்டிருந்தவள் நான். பனிக்கடலில் கிடந்த எங்கள் லயன் தன் இடத்துக்குத் திரும்பி வந்த அந்த நாளுக்குப் பிறகு, யார் கேட்டாலும் லயன் என்றே சொல்கிறேன்.