பூரீம் விருந்தில் ஒரு கிளாஸ்

2005 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஷார்ஜா ரோலாவிலிருந்து கிளம்பினோம். வண்டியை ஓட்டியவன் என் மகன் கருப்பையா. துபாய் ஜுமைராவில் கொச்சிக்காரர் ஒருவர் வீட்டில் அவன் டிரைவர். நான் முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து விசிட் விசாவில் போய், ரோலாவில் ஊர்க்காரர் வீட்டில் தங்கியிருந்தேன். விருந்துக்குக் கூடமாட ஒத்தாசை செய்ய ஆள் வேண்டுமென்று அந்த வீட்டு அம்மா என்னையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்.

வழியில் ஒரு திர்ஹத்துக்கு டீ குடித்தோம். முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. வெள்ளிக்கிழமை லீவு, ரோடு காலியாகக் கிடந்தது. ஆனாலும் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அந்நிய வீடு, அதிலும் குடிக்கிற விருந்து என்று கருப்பையா முதல்நாளே சொல்லியிருந்தான். ஊரில் குடியால் வேலையைத் தொலைத்தவன் அவன். துபாய்க்கு வந்ததிலிருந்து தொடவில்லை. இங்கே குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஜெயில், அப்புறம் விமானம் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிடுவார்கள்.

அந்த வீட்டுக்காரர்கள் யூதர்கள். வெளியே சொல்லிக்கொள்வதில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் அவர்களுடைய பூரீம் பண்டிகை. சாயங்காலம் அவர்களுடைய ஓய்வுநாள் பிறந்துவிடுமாம், அதனால் விருந்தைக் காலையிலேயே வைத்திருந்தார்கள். நடுக்கூடத்தில் ஒருவர் தோல் சுருள் ஒன்றை விரித்து ராகமாக வாசித்தார். நடுவில் ஒரு பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பையை ஆட்டினார்கள், பெரியவர்கள் தரையை உதைத்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டு அம்மா ரேச்சல் கோயம்புத்தூரில் படித்தவர், தமிழ் பேசுவார். அடுப்படியில் எனக்கு விளக்கினார். "அந்தப் பேர்க்காரன் ஒரு மந்திரி, அம்மா. எங்க ஜனம் எல்லாரையும் கொல்லப் பார்த்தான். எங்க ஆள் ஒருத்தரும் ராணியும் காப்பாத்தினாங்க. அந்த நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு தெரியாமப் போற வரைக்கும் இன்னிக்குக் குடிக்கணும்னு வழக்கம்."

சொல்லிக்கொண்டே ஒயின் பாட்டில்களில் பாதியைக் கொட்டிவிட்டுத் திராட்சைச் சாறு ஊற்றினார். போன வருஷம் ஒருவர் மாடிப்படியில் உருண்டு கையை ஒடித்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரியில் என்ன சொல்வதென்று அன்றெல்லாம் இவருக்கு நடுக்கமாம்.

பத்து மணிக்கு மேல் பாட்டும் கூத்தும் பலத்தது. முகம் சிவந்த வீட்டு ஐயா எலியாஸ், கையில் கிளாஸோடு நானும் கருப்பையாவும் இருந்த அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"கருப்பையா! இன்னிக்கு மாஃபி டூட்டி, வேலை கிடையாது! பிடி!"

"சார், வண்டி ஓட்டணும்."

"டாக்ஸி இல்லையா ஊர்ல? குடிக்காதவன் அந்த மந்திரி கட்சி!"

வெளியே எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தபடியே வாங்கிக்கொண்டான். ஊரில் பிடிக்கிற மாதிரியே கிளாஸைப் பிடித்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

ஆம்பிளைகள் நடுவில் நான் வாய் திறந்து பேசியவள் இல்லை. எழுந்துபோய் அவன் கையிலிருந்து கிளாஸை வாங்கினேன்.

"ஐயா, நல்லவனும் கெட்டவனும் தெரியக் கூடாதுன்னுதானே குடிக்கிறீக? இவனுக்கு ரெண்டு பேரையுமே தெரியாது. இவனுக்கு எதுக்குய்யா குடி?"

ஐயா என்னையே பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "கலாஸ், முடிஞ்சது! அம்மா சொன்னது சரி! இவன் குடிக்காமலே பாஸ்!" அந்தக் கிளாஸைத் தானே குடித்துவிட்டுப் போனார். ரேச்சல் அம்மா என் தோளை ஒரு தடவை அழுத்தினார்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். பர்துபாயில் இறக்கிவிடச் சொல்லி நிற்க முடியாத ஒருவரைப் பின் சீட்டில் கிடத்தியிருந்தார்கள். வழியில் வாந்தி எடுத்தார். கருப்பையா ஓரங்கட்டித் துடைத்துவிட்டு, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி ஓட்டினான். அவரை விட்டபிறகுதான் பேசினான்.

"ஆத்தா, நீ இல்லேன்னா குடிச்சிருப்பேன்."

"தெரியும்."

"ஒரு கிளாஸோட நின்னிருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்டா."

எங்கள் ஊரில் ஆம்பிளைகள் கடைக்குப் பின்னால் ஒளிந்து குடித்துவிட்டு வந்து இல்லையென்பார்கள். இவர்கள் சாமி பேரைச் சொல்லி, பாடிக்கொண்டே குடிக்கிறார்கள். ஆனால் எவன் எத்தனையாவது கிளாஸில் இருக்கிறான் என்று அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பவள் இரண்டு இடத்திலும் பொம்பளை ஒருத்திதான்.

அடுத்த புதன்கிழமை எனக்கு விமானம். பெட்டியைக் கட்டவே கை வரவில்லை. என் விசா இரண்டு மாதத்துக்கு. அவனுடையது மூன்று வருஷத்துக்கு.