மாமரம் இல்லாத மேற்கு யன்னல்

ஓவசியர் வீட்டு மேற்கு யன்னலின் இரும்புக் கம்பியைப் பிடித்த கையை உடனே இழுத்துக்கொண்டேன். பின்னேர வெயிலில் அது தோசைக்கல்லைப் போலச் சுட்டது. அளவெடுக்கப் போன முதல் நாளே உள்ளங்கையில் ஒரு கோடு சிவந்துவிட்டது. “சொல்ல மறந்திட்டன் பிள்ளை, உந்தப் பக்கம் கை வையாதேயும்” என்றார் ஓவசியர், கடிக்கிற நாயைப் பற்றிச் சொல்வதுபோல. அவர் அரசாங்கத்தில் வீதிகளும் மதகுகளும் கட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்று எவ்வளவோ காலம் போயும் ஊரில் அவருக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது. நானும் கடைசிவரை அப்படியே அழைத்தேன்.

உடுவிலில் உள்ள என் சிறிய தையற்கூடத்தில் நாங்கள் வெயில் மறைப்புகள் செய்கிறோம். யன்னற்சீலை தைக்கிறவள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சீலை பார்வையைத்தான் மறைக்கும், வெப்பத்தை மறைக்காது. எங்கள் மறைப்பில் வெளிப்பக்கம் வெள்ளைத் துணி, அதற்குள் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளித்தாள், பிறகு ஒரு படை பஞ்சு, உட்பக்கம் பருத்தி. நான்கையும் சேர்த்துத் தைத்து, மேலே சுருட்டி ஏற்றவும் கீழே இறக்கவும் கூடியதாகச் செய்வோம். இரண்டு ஓரங்களும் அலுமினியச் சட்டத்தின் பள்ளத்துக்குள் ஓடும். இந்த வேலையில் துணியை விட ஓரம் முக்கியம். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் கண்ணாடிக்கும் மறைப்புக்கும் நடுவே கொதிக்கிற காற்று அறைக்குள் இறங்கிவிடும். ஓரம் கசிகிற மறைப்பைக் கண்டால் எனக்கு நித்திரை வராது என்று என்னுடன் வேலை செய்கிற பெண்கள் பகிடி பண்ணுவார்கள். அது உண்மைதான்.

அந்த வீடு காங்கேசன்துறைப் பக்கம், நீண்ட காலம் இராணுவத்தின் வேலிக்குள் கிடந்து பிறகு விடுபட்ட காணியில் இருந்தது. போரில் இடம்பெயர்ந்திருந்த அவர்கள் திரும்பிப் போனபோது அத்திவாரம் மட்டும் பற்றைக்குள் கிடந்ததாம். அந்தப் பக்கத்தில் பலர் செய்ததையே ஓவசியரும் செய்தார். பழைய அத்திவாரத்தின்மேல், பழைய அறைகளை, பழைய யன்னல்கள் இருந்த அதே இடங்களில் யன்னல் வைத்து, பழைய வீட்டையே மறுபடி கட்டினார். அடுத்தவன் கட்டியிருந்தால் மேற்கே இவ்வளவு பெரிய யன்னல் எதற்கு என்று அவரே ஏசியிருப்பார். ஆனால் பழைய வீட்டுக்கு மேற்கே ஒரு பெரிய கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. அதன் நிழலை நம்பித்தான் அவர் தகப்பனார் அங்கே யன்னல் வைத்திருந்தார். மரம் போய்விட்டது. யார் தறித்தார்கள், எப்போது தறித்தார்கள் என்று சொல்ல யாருமில்லை. நிழலுக்காகக் கட்டிய வீட்டை வெட்டவெளியில் கட்டி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. “அறுபது வீட்டுக்குப் பிளான் கீறினவன் நான்” என்று அன்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் மனைவிக்கு, நான் அம்மா என்று அழைத்தவருக்கு, நினைவு குழம்பத் தொடங்கியிருந்தது. பழைய வீட்டில் அவர்கள் படுத்த அறை அந்த மேற்கு அறைதான். வேறு அறையில் கட்டில் போட்டால் அம்மா எழுந்து தட்டுத்தடுமாறி அங்கேயே வந்துவிடுவார். முந்திய சித்திரையில் அந்த அறையில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி இந்த வெக்கையில் விட்டால் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கனடாவில் இருக்கும் மகள் உடனே ஏசி பூட்டுவித்தாள். வெளியே பொருத்திய பெட்டி குண்டுபோட வரும் விமானம்போல உறுமத் தொடங்கியதும் அம்மா கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு, “எல்லாரும் பங்கருக்குள்ளை வாங்கோ” என்று கூப்பிட்டாராம். ஏசியைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் என்னைத் தேடினார்கள். வெக்கையை விடக் கொடுமையான இன்னொன்றும் இருந்தது. பின்னேரத்தில் அந்த யன்னலால் வெறும் வளவைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா பதறிப்போய், “இது ஆருடை வீடு? வாங்கோ, எங்கடை வீட்டை போவம்” என்று கேட்டு அழுவார். சொந்த வீட்டுக்குள் இருந்தபடி ஒவ்வொரு நாளும் இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்.

மறைப்பைப் பொருத்திய அன்று நான் வேண்டுமென்றே பின்னேரம்வரை நின்றேன். வெயில் மேற்கே சரிந்தும் அறை குளிர்ந்தே இருந்தது. அம்மா கட்டிலில் சரிந்து படுத்து மறைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டை போவம் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில், “சோளகக் காத்துத் துவங்கீட்டுது போலை, மாமரம் சத்தம் போடுது” என்றார். ஓவசியர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். பச்சை மரத்தில் செய்த யன்னல் காய்ந்து விலகி, கதவுகளுக்கு நடுவே ஒரு நீக்கல் விழுந்திருந்தது. அதனால் நுழைந்த காற்று மறைப்பின் கீழ்விளிம்பை அசைக்க, உள்ளே இருந்த வெள்ளித்தாள் சரசரத்தது. மழைத்தண்ணீர் வடிய யன்னற்படியைச் சரிவாகப் பூசியிருந்ததால் கீழ்விளிம்பு அதில் சரியாக அமரவில்லை. என் கண்ணுக்கு அது வேலையில் ஒரு பிழை. “ஓமப்பா, மாதான்” என்றார் ஓவசியர்.

பிழையோடு ஒன்றை விட்டுவர எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரமே ஒரு பாரக்கம்பியும் காந்தப் பட்டியும் கொண்டுபோய், அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துக் கீழ்விளிம்பைப் படியோடு ஒட்டப் பிடிக்கும்படி பூட்டினேன். வேலை சுத்தமாக முடிந்தது. அம்மா வந்து படுத்தார். சற்று நேரம் அசையாமல் கிடந்தவர் எழுந்து இருந்தார். காது கொடுத்துக் கேட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, செத்தவீட்டில் அழுவதுபோல உடல் குலுங்க அழுதார். “தறிச்சுப் போட்டாங்களே” என்று ஓவசியரைப் பார்த்துக் கேட்டார். “நீங்கள் வீட்டிலைதானே நிண்டனீங்கள்? மறிச்சிருக்கக்கூடாதே?” ஓவசியர் எழுந்து வெளியே போனார். இடம்பெயர்ந்த அன்று, இரண்டு கிழமையில் வந்துவிடலாம், மரத்தில் காய் முற்றியிருக்கும் என்று சொல்லி அவரைக் கூட்டிவந்தது தான்தான் என்று பிறகு விறாந்தையில் நின்று என்னிடம் சொன்னார்.

“உதைக் கழட்டும் பிள்ளை” என்றார். நான் மறுத்தேன். கீழால் வெக்கை இறங்கும், டொக்டர் சொன்னதை யோசியுங்கள் என்று சற்றுக் குரலை உயர்த்தியே சொன்னேன். “வெக்கையை நான் வெளியிலை வைச்சு மறிக்கிறன். சத்தத்தை நீர் விடும்” என்றார். அப்படித்தான் செய்தோம். யன்னலுக்கு வெளியே பூவரசங் கதியால்களைத் தூணாக நட்டு, தென்னோலைக் கிடுகால் சாய்வாக ஒரு பத்தி இறக்கினார். வெயில் யன்னற் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே அது தடுத்துவிட்டது. நான் பாரக்கம்பியைக் கழற்றினேன். காற்று தாராளமாக நுழையட்டும் என்று கீழ்விளிம்பை இன்னும் கொஞ்சம் தளர்த்தியும் விட்டேன். தெரிந்துகொண்டே ஒரு மறைப்பை நான் கெடுத்தது அந்த ஒரு தடவைதான்.

அதன்பின் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். மறைப்பை ஏற்றுவதே இல்லை. இருட்டான அந்த அறையில் அம்மா சிரித்த முகத்தோடு இருப்பார். பிஞ்சு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி என்னையே ஒருமுறை வெளியே அனுப்பினார். நான் போய், வெயில் கொளுத்தும் வெறும் மண்ணில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, “இன்னும் விழேல்லை அம்மா” என்றேன். அந்த வெறும் நிலத்தில் நின்றபோது தலைக்குமேலே ஏதோ நிற்கிறது என்ற எண்ணம் வந்து உடம்பு சிலிர்த்தது. நான் பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவள் அல்ல. ஆனாலும் அண்ணாந்து பார்க்கத் துணிவு வரவில்லை. இப்போதும் புது வீடுகளில் மறைப்பைப் பொருத்தி, எல்லா ஓரமும் இறுகி, அறை சத்தமற்றுப் போகும் அந்தக் கணத்தில், யாரோ எழுந்து இருந்து காது கொடுத்துக் கேட்பதுபோல எனக்குத் தோன்றுகிறது.

அம்மா ஒரு மார்கழி மழை நாளில் போனார். வெயிலைக் குற்றம் சொல்ல இடமில்லை. நித்திரையில் போய்விட்டார். மறைப்பைத் தளர்த்திய பிறகு, மரம் இல்லையென்று கடைசிவரை அவருக்குத் தெரியவராமற் காப்பாற்றிவிட்டோம் என்று செத்தவீட்டில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. கீரிமலையில் தாயின் அந்தியேட்டிக் கிரியை முடித்துத் திரும்பிப் போன மகள், வெயில் காலம் தொடங்கியதும் தொலைபேசியில் அழைத்தாள். அப்பா பகல் முழுக்க அந்த அறைக்குள்ளேயே இருக்கிறார், மாரிக் காற்றில் கிடுகுப் பத்தியும் விழுந்துவிட்டது, இனியாவது அந்த மறைப்பை ஒழுங்காக இறுக்கிவிடுங்கோ அக்கா என்றாள். அவள் சொன்னது நியாயம். பாரக்கம்பியையும் காந்தப் பட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஓவசியர் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், கதிரையில் இருந்தார். அறை வெந்துகொண்டிருந்தது. பெனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் யன்னலடியில் குந்தி வேலையைத் தொடங்கப் போக, “கொஞ்சம் பொறும்” என்று கைகாட்டினார். வெளியே காற்று எழுந்தது. கீழ்விளிம்பு அசைந்து வெள்ளித்தாள் சரசரத்தது. அவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். காற்று அடங்கியபின் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“அவவுக்குக் கேட்டது, பிள்ளை. நான் ஓம் ஓமெண்டு சொன்னதெல்லாம் புலுடா. எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. நாள் முழுக்க இருந்து பாக்கிறன், தாள் சத்தந்தான் கேக்குது.”

நான் காந்தப் பட்டியைக் கையில் எடுத்தேன்.

“இறுக்காதேயும். இன்னும் கொஞ்சநாள் இருந்து பாப்பம்” என்றார்.

நான் கம்பியைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு, வேர்த்து ஒழுக அந்த அறையின் வெறும் நிலத்தில் குந்தியிருந்தேன். இருவரும் அடுத்த காற்றுக்குக் காது கொடுத்துக் காத்திருந்தோம்.