சுவரைச் சுற்றிப் போன ஆவி

1968 அக்டோபர் 14, திங்கள்கிழமை, மாலை நான்கு மணி. பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரில் ஒன்பது வயது லொரெய்ன் பெட்ருஸ்கா பள்ளியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து டிவியைப் போட்டாள். பாறையில் மோதும் அலை, அதன்மேல் இருண்ட மாளிகை, ஆர்கன் இசை. பிறகு ஒரு குரல் சொன்னது: "இன்று ரோவெனாவாக நடிப்பவர் நோரா ஹேல்பர்ன்."

அந்த நிமிடம் ஊர் ஊராகப் பிள்ளைகள் அலறினார்கள். ரோவெனா என்றால் சில்வியா ட்ரே. வேறு யாரும் ரோவெனா ஆக முடியாது. ஆனால் சில்வியாவுக்குக் குடல்வால் ஆபரேஷன். பதினோரு நாள் நோரா நடித்தார். அக்டோபர் 29 அன்று சில்வியா திரும்பி வந்ததும் எல்லோரும் நிம்மதியானார்கள். லொரெய்ன் மட்டும் சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள்.

'ஆஷ்க்ரோவ்' வாரத்தில் ஐந்து நாள் வந்த பேய்த் தொடர். ரோவெனா அந்த மாளிகையின் எஜமானி. செத்து நூற்றைம்பது வருடம் ஆனவள். செத்தது அவளுக்குத் தெரியாது. இல்லாத வேலைக்காரர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள். சில்வியாவின் ரோவெனா அழுவாள். நோராவின் ரோவெனா திட்டுவாள். லொரெய்னின் கட்சி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்: "நூத்தம்பது வருஷமா கூப்பிட்டும் ஒரு ஆள் வரலேன்னா அழுகையா வரும்? கோவம்தான் வரும்."

ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் எடுத்தார்கள். மறுபடி எடுக்க நேரம் கிடையாது. அடுத்த நாள் அடுத்த அத்தியாயம். அதனால் எல்லாத் தப்பும் அப்படியே ஒளிபரப்பானது. கல்லறைகள் காற்றில்லாமல் ஆடின. பிணத்தின் மூக்கில் ஈ உட்கார்ந்தது, பிணம் அதை ஓட்டியது. எல்லாவற்றுக்கும் மேலே நோராவின் எட்டாவது நாள். ரோவெனா ரகசியக் கதவு வழியாக மறைய வேண்டும். கதவு திறக்கவில்லை. தள்ளினார், இல்லை. தோளால் இடித்தார், இல்லை. மூன்றாவது இடிக்குச் சுவரே ஆடியது. ஆவி ஒரு கணம் நின்றது. பிறகு தலை நிமிர்த்தி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அட்டைச் சுவரின் ஓரம்வரை நடந்து, அதைச் சுற்றி அந்தப் பக்கம் போனது.

நாற்பத்தாறு வருடமாக ரசிகர்கள் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். ஒன்பது வயது லொரெய்ன் சிரிக்கவில்லை. அது தப்பு என்றே அவளுக்குத் தெரியாது. வீடு ரோவெனாவை விடமாட்டேன் என்கிறது, அவள் அதற்கெல்லாம் மசியவில்லை என்றுதான் புரிந்துகொண்டாள். விவரம் தெரிந்த பிறகும் அந்த எண்ணத்தை அவர் விட்டுவிடவில்லை.

லொரெய்ன் வளர்ந்து பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஆனார். முப்பத்தொரு வருடம் ஒரே வழித்தடம், ஒரு விபத்து இல்லை. கல்யாணம் ஒன்று நடந்து முடிந்தது. அவர் அதைப் பற்றிப் பேசுவது குறைவு, பேசினால் "நல்ல மனுஷன், ஆனா நாலு மணிக்கு டிவியில ஃபுட்பால் பார்ப்பான்" என்பார். ஹாலோவீன் அன்று ரோவெனாவின் சாம்பல் நிற முக்காட்டோடுதான் பேருந்து ஓட்டுவார். அன்று ஒரு பையனும் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

ஜூலை மாதம் மூன்று நாள் மட்டும் அவர் ஊரில் இருக்க மாட்டார். நியூ ஜெர்சியில், பார்சிப்பனி நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் ஆஷ்க்ரோவ் ரசிகர்கள் நாங்கள் கூடுவோம். லொரெய்ன் பிரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை நிறைந்த இரண்டு பெரிய டப்பாக்களோடு வந்து இறங்குவார். வந்த ஐந்தாவது நிமிடம் கில் டான்கிரெடியோடு சண்டை தொடங்கும். கில், பயோன் நகரத்தில் உயர்நிலைப் பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சில்வியா கட்சியின் தலைவர்.

"வாம்மா டிரைவரம்மா. உன் ஆளுக்கு இந்த வருஷமாவது வழி தெரிஞ்சுதா, இல்ல இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்காளா?"

"உன் ஆளு அழுது முடிச்சாளா முதல்ல? மாளிகையில பாதி ஈரம் அவளாலதான்."

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஓர் அத்தியாயத்தை மேடையில் நடிப்போம். அதற்கு ஒரே விதி: எல்லாத் தப்பையும் அப்படியே செய்ய வேண்டும். நடிகர் வசனத்தை மறந்த இடத்தில் மறக்க வேண்டும். மைக் நிழல் விழுந்த இடத்தில் நிழல் விழ வேண்டும். ஒரு வருடம் ஒருவர் பதற்றத்தில் வசனத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். முந்நூறு பேரும் கூச்சல் போட்டு உட்கார வைத்தார்கள். கல்லறையை ஆட்டும் வேலைக்கு மூன்று வருடக் காத்திருப்புப் பட்டியல் உண்டு.

2014 கூட்டத்துக்கு நோரா ஹேல்பர்ன் வந்தார். லொரெய்னைத் தவிர யாரும் அவரை அழைத்ததில்லை. நடிப்பை எழுபதுகளிலேயே விட்டுவிட்டு, வெர்மாண்டில் செடி நர்சரி நடத்திக்கொண்டிருந்தார். நர்சரி விளம்பரம் ஒன்றில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்த லொரெய்ன், நான்கு வருடத்தில் ஆறு கடிதம் போட்டார். ஏழாவதுக்குப் பதில் வந்தது. ஒரு அஞ்சலட்டை: 'வருகிறேன். அவர்களுக்கு என்னை நினைவிருக்குமா?'

'எல்லோருக்கும் நினைவிருக்கிறது, எல்லோரும் நேசிக்கிறார்கள்' என்று லொரெய்ன் எழுதிவிட்டார். முதல் பாதி உண்மை. பிறகு தூக்கம் போனது. ஒருமுறை இங்கே வந்த ஒரு முதிய நடிகரை, அவர் மறந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் கேலி செய்ததில், மனுஷன் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிப் போனதை லொரெய்ன் பார்த்திருந்தார். கதவு என்ற பேச்சு எழுந்தால் நோராவும் அப்படியே போய்விடுவார். அதுவும் தன்னை நம்பி வருகிறவர்.

ஆகவே ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்கினார். உறுப்பினர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மின்னஞ்சல் போட்டார், தொலைபேசியில் பேசினார். கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. எட்டாவது நாள் அத்தியாயத்தை நோராவை வைத்தே நடிக்கப்போகிறோம். அதில் கதவு திறந்தே ஆக வேண்டும். விதியை வாழ்க்கையில் ஒரு தடவை தள்ளிவைக்க வேண்டும்.

கில் கொதித்தார். "கதவு திறக்குமா? அப்புறம் எதுக்கு அந்த அத்தியாயம்? கல்லறைகூட ஆடக் கூடாதும்பே போல!"

"கல்லறை ஆடட்டும். கதவு மட்டும் திறக்கணும். உன்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா கில்?"

"போன வருஷம் என் நாற்காலியைக் கேட்டே."

ஆனாலும் கில் செய்தார். செய்தால் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. ஓரங்களை இழைத்து, கீலுக்கு மெழுகு போட்டு, சுண்டு விரலால் தொட்டால் திறக்கிற கதவு ஒன்றை வண்டியில் கட்டி எடுத்துவந்தார்.

வெள்ளிக்கிழமை நோரா வந்தார். எழுபத்து மூன்று வயது, மண் படிந்த நகம், குரல் மட்டும் அப்படியே. கூட்டமே நல்ல பிள்ளையாகிவிட்டது. கை குலுக்கினார்கள், "அருமையா நடிச்சீங்க" என்றார்கள். வரவேற்பறையில் ஒருவர் அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மேடம், இந்த... இந்த வழியா வாங்க" என்று வியர்த்தார். 'இரண்டு ரோவெனாக்கள்' விவாதத்தில் நியூயார்க்கிலிருந்து வந்த ஒருத்தி எழுந்து, "எனக்கு ரொம்பப் பிடிச்சது நீங்க அந்தக் க... க... கண்ணாடி முன்னாடி நின்ன காட்சி" என்று தப்பித்து உட்கார்ந்தாள். தொடரை மறுபடி எடுத்தால் ரோவெனா யார் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். நோரா சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். போகப் போகச் சிரிப்பு குறைந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு, சாப்பாட்டு மேசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லொரெய்ன், எனக்கு ஒரு டாக்ஸி சொல்லிடும்மா."

லொரெய்ன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "யாராவது ஏதாவது சொன்னாங்களா மேடம்? யாருன்னு காட்டுங்க."

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் விஷயமே. எல்லாரும் மரியாதையா நடந்துக்கிறாங்க. தெரியாதவங்ககிட்டதான் மனுஷங்க இவ்ளோ மரியாதையா இருப்பாங்க. ஒரே ஒரு ஆளாவது அந்தக் கதவைப் பத்திக் கேப்பாங்கன்னு நேத்துலேர்ந்து உக்காந்திருக்கேன். யாருக்கும் ஞாபகம் இல்ல. இன்னிக்கு நடிக்கக் குடுத்த தாள்லகூட கதவு திறக்குதுன்னுதான் இருக்கு."

"கதவு," என்றார் லொரெய்ன்.

"உனக்குமா தெரியாது? திறக்கலம்மா! நான் சுவரைச் சுத்திப் போனேன்! நாப்பத்தாறு வருஷமா எங்க வீட்டு விருந்துல எல்லாம் அதுதான் பேச்சு. என் புருஷன் செத்த அன்னிக்கு வந்தவங்ககூட, 'நோரா, அந்தக் கதவுக் கதையைச் சொல்லேன்'னு கேட்டாங்க. சொன்னேன், எல்லாரும் சிரிச்சோம். என் நர்சரியில வேலை செய்றவங்களுக்கு மனப்பாடம்."

லொரெய்ன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "மேடம், தெரியும். எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அதைவிட்டா வேற பேச்சே கிடையாது. நான்தான்... வாயைக் கட்டி வச்சிருக்கேன்."

"யார் வாயை?"

"எல்லார் வாயையும். நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"முந்நூறு பேர் வாயையா?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"எப்படி முடிஞ்சுது?"

"பஸ்ல தினமும் அறுபது பசங்க மேடம். பழக்கம்."

நோரா கைப்பையை மேசைமேல் வைத்தார். அப்புறம் ஆரம்பித்த சிரிப்பில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதவு எங்க?" என்று கேட்டார்.

மணி ஒன்று இருபது. மேடைக்குப் பின்னால் கில் தன் கதவைத் தடவிக்கொண்டு நின்றார். லொரெய்ன் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார்.

"திறக்கக் கூடாதா? இப்பவா? அடிப்பாவி, மூணு வாரம் இழைச்சேன்! என் வாழ்நாள்ல இவ்வளவு நல்ல கதவு செஞ்சதில்ல!"

"கெடுத்துடு."

அது அவ்வளவு சுலபமாக இல்லை. அட்டையை மடித்துச் செருகினார்கள், கதவு திறந்தது. ஹோட்டல் ஸ்பூனை இடுக்கில் அடித்தார்கள். ஸ்பூன் வளைந்தது, கதவு திறந்தது. ஒருவர் சூயிங்கம் ஒட்டிப் பார்த்தார். ஆணி அடிக்கலாம் என்றதற்குக் கில் சம்மதிக்கவில்லை. மூன்று தச்சர்கள், ஒரு பொறியாளர், ஒரு பல் வைத்தியர் சுற்றி நின்றும் ஒரு கதவை மூடிவைக்க முடியவில்லை. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கில் கோட்டைக் கழற்றினார்.

"நவுருங்க. நான் பின்னால முட்டுக் கொடுத்து நிக்கிறேன்."

"நீ கல்லறை ஆட்டணுமே கில். மூணு வருஷம் காத்திருந்தியே."

"வேற யாராவது ஆட்டிக்கட்டும். பேசாம போ, எனக்கு மனசு மாறிடப்போவுது."

நாடகம் தொடங்கியது. அரங்கத்துக்கு எதுவும் தெரியாது. கதவு திறக்கும் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பல் முக்காடு போட்டு நோரா வந்தார். இல்லாத வேலைக்காரர்களைத் திட்டினார். கதவைத் தள்ளினார்.

திறக்கவில்லை.

முந்நூறு பேரும் லொரெய்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லொரெய்ன் எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, "சிரிங்கய்யா!" என்று கத்தினார்.

இரண்டாவது இடி அந்தச் சிரிப்பில் காதில் விழவில்லை. மூன்றாவது இடியை நோரா நிஜமாகவே இடித்துவிட்டார். கம்பளத்தில் கில்லின் காலணி வழுக்க, கதவு ஒரு சாண் திறந்தது; உள்ளேயிருந்து நான்கு விரல்கள் வந்து அதைப் பிடித்துத் தள்ளி மூடின. 1968இல் இல்லாத புதுத் தப்பு! ஜனங்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். நோரா பாவாடையைத் தூக்கிப் பிடித்து, சுவரின் ஓரம்வரை நடந்து சுற்றிப் போனார். அங்கே தரையில் உட்கார்ந்திருந்த கில்லைப் பார்த்தார். ரோவெனாவின் குரல் கணீரென்று வந்தது:

"இவ்வளவு நேரம் எங்கடா போயிருந்தே? போய் வெள்ளிப் பாத்திரத்தைத் தேய்!"

"சரிங்கம்மா," என்றார் கில்.

கைதட்டல் ஓய்ந்தபோது பல் வைத்தியர் நேரம் பார்த்தார்: ஆறு நிமிடம். அன்று மாலை முழுக்க நோரா கதவுக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு குழுவாக வந்து கேட்டது. சிலர் இரண்டு முறை வரிசையில் நின்றார்கள். லொரெய்ன் பக்கத்திலேயே உட்கார்ந்து பிரோகி சாப்பிட்டார். நான்காவது தடவை கேட்டும் நேரத்துக்குச் சிரித்தார்.

ஞாயிறு காலை, கிளம்புமுன், சிறந்த ரோவெனா யார் என்று கை தூக்கும் ஓட்டு. முந்தைய வருடம் நோராவுக்கு நான்கு. இந்த முறை எண்பத்தெட்டு. இருந்தும் சில்வியாதான் ஜெயித்தார். "நீங்க என்னை வேலைக்காரன் ஆக்கினீங்க மேடம், அதுக்கு நன்றி. ஓட்டு மட்டும் சில்வியாவுக்கு," என்று கில் கை தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் நோராவின் கையும் உயர்ந்திருந்தது.

"நீங்களுமா மேடம்!" என்றார் லொரெய்ன்.

"மாத்து நடிகையா செட்டுல நின்னு அவ அழறதைப் பக்கத்துல பார்த்தவ நான். கல்லுகூடக் கரையும்மா. என்னை எங்கே நான் பார்த்தேன்? நாலு மணிக்கு டிவியில நான் வர்றப்போ, ஸ்டூடியோவில மறுநாள் வசனத்தை உருப்போட்டுட்டு இருப்பேன். இன்னிவரைக்கும் ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல."

லொரெய்னிடம் பதினோரு நாளும் டேப்பில் இருக்கின்றன. ஆகஸ்ட் இரண்டாம் வாரம், பள்ளி திறப்பதற்கு முன், அவற்றை எடுத்துக்கொண்டு வெர்மாண்ட் போகிறார்.